காலஞ்சென்ற திருமதி பிராக்

வெர்னா உயிரோடு இருக்கிறாள் என்பது ஹார்கிஸ் கவுண்டியில் எல்லோருக்கும் தெரியும், அவள் பெற்ற மகளைத் தவிர.

வெர்னாவின் புருஷன் டெல்மர் பிராக் புகையிலை ஏலக்காரன். கென்டக்கியில் எங்கள் பக்கம் புகையிலைதான் எல்லாம். நவம்பர் கடைசியில் கிடங்குகள் திறந்ததும், குவியல் குவியலாக இலை அடுக்கியிருக்கும் வரிசைகளுக்கு நடுவே டெல்மர் பாடிக்கொண்டே நடப்பான். அவன் ஏலம் கூறுவது பாட்டு மாதிரிதான் இருக்கும். மூச்சு விடாமல், வார்த்தையோடு வார்த்தை ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு இழுப்பு. இலை வாங்க வந்த சிகரெட் கம்பெனிக்காரர்கள் கண்ணைச் சிமிட்டினாலே விலை ஏறும். சர்ச்சிலும் அவன் பெரிய ஆள். ‘பிரதர் டெல்மர்’ என்றால் பாஸ்டரே எழுந்து நின்று கை கொடுப்பார்.

வெர்னாவும் குரல்காரிதான். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வானொலி நிலையத்தில் சனிக்கிழமை தோறும் பாடினாள். நான் அங்கே அறிவிப்பாளன். பெயர் ராய்ஸ் டகெட். அவள் அப்பா செத்தபோது ஆற்றோரம் நல்ல புகையிலை நிலம் அவள் பேருக்கு வந்தது. அதற்கு அடுத்த வருஷமே டெல்மர் அவளைக் கட்டிக்கொண்டான்.

முதலில் நெட்டா பிறந்தாள். பிறகு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பல் முளைக்குமுன்னே காய்ச்சலில் போய்விட்டது. வெர்னா அழுதாள். வசந்தம் போய், கோடை போய், இலை வெட்டும் காலமும் வந்தது. அவள் அழுகை நிற்கவில்லை. அடுப்பில் பீன்ஸ் கருகிப்போகும். கொடியில் துணி நாள்கணக்கில் கிடக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேறு என்ன செய்வாள்? டெல்மர் ஊர் டாக்டரைப் பார்த்தான், ஜட்ஜைப் பார்த்தான். ஒரு நாள் காலை போலீஸ் வண்டி வந்து வெர்னாவை மாநில மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. கையில் மாவோடு போனாள். பிஸ்கட் தட்டிக்கொண்டிருந்தாளாம்.

அவள் உள்ளே இருக்கும்போதே விவாகரத்து ஆனது. நிலம் டெல்மர் கைக்குப் போனது. டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த ஜோனெல் என்ற பெண் புது மனைவியாக வீட்டுக்கு வந்தாள். நெட்டாவிடம் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். ஊர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. புதுப்பெண்ணுக்குப் பழம் வைத்த ‘பை’ பலகாரம் சுட்டுக்கொண்டு போய்க் கொடுத்தது.

ஆறேழு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டர் வந்தார். வெர்னாவிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, “உங்களை எதுக்கும்மா இங்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டார். “அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள் அவள்.

பஸ்ஸில் இறங்கி நேராக வீட்டுக்கு நடந்தாள். அவள் அப்பா வைத்த இரும்பு கேட். உள்ளே ஜோனெல் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், வெர்னாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரு மேடம் வேணும்?”

“உங்க அம்மாவைப் பார்க்கணும், கண்ணு.”

“அம்மா அதோ. சொந்த அம்மான்னா, அவங்க செத்துட்டாங்க.”

வெர்னா கேட்டிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி நடந்தாள். அதை என்னிடம் சொன்னபோதுகூட அவள் கண் கலங்கவில்லை. “அழுதா மறுபடியும் பிடிச்சுப் போட்டுடுவான் ராய்ஸ். அழுறதெல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். இப்ப என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான். அவன் நல்லா இருக்கக் கூடாது.”

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வேலை கிடைத்தது. ஆர்லிஸ் டகிள் என்ற முடிதிருத்துபவர் தன் கடைக்குப் பின்னால் நின்ற பழைய டிரெய்லர் வீட்டில் அவளுக்கு இடம் கொடுத்தார். ஆர்லிஸ் நன்றாக முடி வெட்டமாட்டார். ஆனால் ஸ்டீல் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு இரும்புத் துண்டைக் கம்பிமேல் இழுத்தால் கேட்பவர் முடிவெட்ட வந்ததையே மறந்துவிடுவார். வெர்னா சாயங்காலங்களில் கடை நாற்காலியில் உட்கார்ந்து பாடுவாள். முதலில் பழைய பாட்டுகள். சில வருஷம் போனதும் அவளாகக் கட்டியவை.

அந்தப் பாட்டுகளை முதலில் கேட்டவர்கள் தொழிற்சாலைப் பெண்கள். தையல் மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவள் பாட, பக்கத்து மெஷின்காரி பெடலை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம்: “ஏம்மா, இது டெல்மரைத்தானே சொல்ற?”

“பேர் சொன்னேனா?”

“பேர் எதுக்கு? மூக்கும் முழியுமா நிக்கிறானே!”

அந்தப் பெண்கள்தான் அவளை விடவில்லை. ரெக்கார்டு போடு, ரெக்கார்டு போடு என்று பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு மெத்தை விரிப்பு தைத்துக் குலுக்கலில் விட்டார்கள். அந்தப் பணத்தில் வெர்னா, ஆர்லிஸ், பிடில் வாசிக்கும் ஒரு லாரி டிரைவர், பேஸ் கிட்டார் தட்டும் அவர் தம்பி என நாலு பேரும் பாட்டுக்காரர்கள் ஊரான நாஷ்வில் போய், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துப் பதியக்கூடிய ஒரு சின்ன ஸ்டூடியோவில் பாடினார்கள். நானும் கூடப் போனேன், கார் என்னுடையது என்பதால்.

அது அறுபதுகளின் கடைசி. அப்போது வந்த கன்ட்ரி இசை ரெக்கார்டுகளில் எல்லாம் பாடுகிறவருக்குப் பின்னால் வயலின் கூட்டம் ஒன்று நெய்போல உருகும். அதற்குமேல் ‘ஊ’ என்று கோரஸ். ஸ்டூடியோக்காரனும் அதையே சொன்னான்.

“மேடம், இதுல கொஞ்சம் வயலின் சேர்த்தா ரேடியோக்காரங்களுக்குப் பிடிக்கும். வார்த்தை ரொம்பக் கரடுமுரடா இருக்கு. கொஞ்சம் மெத்துன்னு ஆயிடும்.”

“மெத்துன்னு ஆகக் கூடாதுன்னுதான் தம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கேன். ஒரு வார்த்தை மறைஞ்சாலும் எனக்கு நஷ்டம்.”

பத்துப் பாட்டும் ஒரே நாளில் முடிந்தன. பிடில், ஸ்டீல் கிட்டார், அவளே வாசித்த சாதாரண கிட்டார், பேஸ், நடுவில் அவள் குரல். அழகான குரல் என்று சொல்ல முடியாது. பழைய இனிப்பு போய், ஓரம் தேய்ந்த கத்தி மாதிரி ஆகியிருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். அட்டைப் படத்துக்கு அப்பாவின் இரும்பு கேட்டுக்கு முன்னால், பொதுச் சாலையில், கறுப்பு உடுப்பில் நின்றாள். அவளே வைத்த பெயர் அட்டையின் மேலே பெரிய எழுத்தில் இருந்தது: ‘காலஞ்சென்ற திருமதி பிராக் பாடுகிறார்’.

வானொலியில் அன்றைய பன்றி விலை சொல்லி முடித்ததும் ஒரு காலையில் முதல் பாட்டைப் போட்டேன். அது ஏலப் பாட்டு. டெல்மர் ஏலம் கூறும் அதே இழுப்பு, அதே வேகம். ஒருவன் தன் பெண்டாட்டியை ஏலம் போடுகிறான்.

ஒரு தரம்! கொஞ்சம் அழுவாள், வேறு குறையில்லை.
ரெண்டு தரம்! சுடுவாள், துவைப்பாள், ஆற்றோரம் நிலமும் உண்டு.
மூணு தரம்! டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு,
நிலம் எனக்கு; அவளைக் கொண்டு போங்கய்யா, கொண்டு போங்க.

பாட்டு முடியுமுன் போன் அடித்தது. வைத்தேன், அடித்தது. ஒருத்தி சொன்னாள்: “ராய்ஸ், மறுபடியும் போடு. என் வீட்டுக்காரர் காபி குடிச்சிட்டிருக்கார். அவர் காதுல நல்லா விழணும்.” இன்னொரு கிழவர், “இந்தப் பொம்பளை என் தங்கச்சி கதையைப் பாடுது. அவளுக்கு எப்படித் தெரியும்?” என்று அழுதார். சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் சூபர்வைசருக்காக அந்த ஏலப் பாட்டைப் போடுங்க” என்றான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பாடியது டெல்மரைப் பற்றி. ஆனால் கேட்டவன் ஒவ்வொருவனுக்கும் மனசுக்குள் ஒரு டெல்மர் இருந்தான். யாரோ ஒருத்தரை நேரில் நின்று கேட்க முடியாமல் போன கேள்வியை அவள் மூன்று நிமிஷத்தில், சமையல்கட்டில் பேசுகிற பேச்சில், தாளம் தப்பாமல் கேட்டுவிட்டாள். ஊரையே திட்டும் பாட்டும் அதில் ஒன்று உண்டு. ‘அவன் வீட்டுக்குப் பை கொண்டுபோன பெண்களே, ஆப்பிளா, பீச்சா, எது நன்றாக இறங்கியது?’ என்று வரும். அந்தப் பெண்களே வரிசையில் நின்று அந்த ரெக்கார்டை வாங்கினார்கள். அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பாடியது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே டெல்மர் நிலையத்துக்கு வந்தான். கதவைத் தட்டவில்லை. ஒலிபரப்பு அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டான்.

“அந்தத் தட்டு எங்கேடா?”

“பிரதர் டெல்மர், மைக் ஓடிட்டிருக்கு.”

“ஓடட்டும்! பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கிடந்தவ உளறினதை நீ ரேடியோவுல போடுவியா? வக்கீல் வெச்சு உன் நிலையத்தையே மூடிடுவேன்.”

“எதுக்கு வக்கீல்? அந்தப் பாட்டுல உங்க பேர் ஒரு இடத்துலகூட இல்லையே. உங்களைத்தான் சொல்றாள்னு உங்களுக்கு யார் சொன்னா?”

மேஜைமேல் இருந்த தட்டை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தான். உடைகிற சத்தம் கவுண்டி முழுக்கக் கேட்டது. அவன் போனதும் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டேன்.

அதோடு நிற்காமல், சாமான் கடையில் இருந்த மொத்த ரெக்கார்டையும் வாங்கிப்போய் வீட்டுப் பின்புறம் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினான். கறுப்புப் புகை சர்ச் வரை வந்தது. கடைக்காரன் சந்தோஷமாக இன்னும் இரண்டு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் வெர்னா சிரித்தாள். ஊர் திரும்பி வந்தபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கொளுத்தட்டும். ஒவ்வொண்ணா வாங்கிக் கொளுத்தட்டும். எனக்கு அதுலயும் காசு வருது, அவனுக்கு அதுலயும் புகை வருது.”

நவம்பர் வந்தது. கிடங்கு திறக்கிற நாள். வெர்னா அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கறுப்பு உடுப்பு உடுத்திக்கொண்டு, விவசாயிகள் நிற்கும் பக்கம் போய் நின்றாள். டெல்மர் முதல் வரிசைக்கு வந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஏலத்தை ஆரம்பித்தான். அந்த இழுப்பு வரவேண்டிய இடத்தில், பின்னாலிருந்து யாரோ வாயைத் திறக்காமல் மூக்காலேயே அந்தப் பாட்டை முனகினார்கள். டெல்மர் தலையைத் திருப்பினான். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை முனகல் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. பூட்ஸ் கால்கள் தாளம் போட்டன. ஒரு முரட்டுக் குரல், “கொஞ்சம் அழுவா, வேற குறையில்ல!” என்றது. கிடங்கே வெடித்தது. வெளியூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

டெல்மருக்கு விலை தப்பியது. சொன்ன தொகையையே திரும்பச் சொன்னான். ஏறவேண்டிய இடத்தில் இறக்கினான். குரல் கிழிந்து நின்றது. இருபது வருஷமாக அவனுக்குச் சோறு போட்ட குரல் அது. கிடங்கு முதலாளி அவன் தோளைத் தொட்டு, “டெல்மர், நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு” என்றார். டென்னசியிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞன் ஏலத்தைத் தொடர்ந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும்போது டெல்மர் வெர்னாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. முனகவும் இல்லை. தன் ஏப்ரன் கட்டியிருந்தவளைப் பார்த்த அன்று பார்த்தது போலவே பார்த்தாள்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு ஒரு மத்தியானம், ஆர்லிஸின் கடைக்கு ஜோனெல் வந்தாள். நானும் அங்கே முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். அவளைக் கண்டதும் ஆர்லிஸ் கத்தரிக்கோலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்த வெர்னா, கறி சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“எதுக்கு வந்த?”

“ஒரு ரெக்கார்டு வேணும்.”

“உன் புருஷன்தான் மொத்தமா வாங்கினானே. தீர்ந்துபோச்சா?”

ஜோனெல் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் யாரும் இல்லை. “வெர்னா, போன வாரம் அவர் என்கிட்ட, நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்க, யாராவது டாக்டர்கிட்டக் காட்டணும்னார். நேத்தும் அதையே சொன்னார். எங்க அம்மா விட்டுட்டுப் போன நிலம் என் பேர்ல இருக்கு.”

“சரி.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான் இருந்துச்சு. அப்ப நீ எங்க இருந்த?”

ஜோனெல் தலையைக் குனிந்தாள். “டாக்டர் ஆபீஸ்ல இருந்தேன். அவர் ஒரு முழுப் பன்றித்தொடையைக் கொண்டுவந்து டாக்டர் மேஜையில வெச்சார். டாக்டர் உன்னை வந்து பார்க்கவே இல்ல வெர்னா. கையெழுத்துப் போட்டுட்டு, கறி நல்லா புகை போட்டிருக்கான்னு கேட்டார். நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன்.”

வெர்னா சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

“இதைக் கோர்ட்டுல சொல்லுவியா?”

“சொன்னா என்னை மன்னிப்பியா?”

“மாட்டேன். ஆனா உன்னை அவன் கொண்டுபோக முடியாது. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு. வேணும்னா எடுத்துக்க.”

ஜோனெல் சொன்னாள். கோர்ட்டில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். டாக்டர் அதற்குள் புளோரிடாவுக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தார். அவரை யாரும் கொண்டுவரவில்லை, அது இன்றைக்கும் எனக்கு ஆறாது. ஆனால் நிலம் வெர்னாவுக்குத் திரும்பியது. வீடும்தான். ஜோனெல் தன் அம்மா ஊருக்குப் போனாள். கிளம்பும்போது ரெக்கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். வெர்னா அதற்குக் காசு வாங்கினாள், சில்லறையும் கொடுத்தாள். டெல்மர் இந்தியானாவில் அக்கா வீட்டோடு போய் ஒட்டிக்கொண்டான்.

நெட்டா அப்பாவோடு போனாள். அதை வெர்னா எதிர்பார்க்கவில்லை. பதினேழு வயதுப் பெண். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில், அத்தனை பேர் முன்னாலும் அவள் வெர்னாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

“நீங்க உயிரோட வந்தப்ப என்கிட்ட வரல. ரெக்கார்டு போட்டீங்க. ஸ்கூல் பஸ்ல என்னைப் பார்த்ததும் பசங்க அந்த ஏலத்தைப் பாடுவாங்க, தெரியுமா? ‘ஒரு தரம், ரெண்டு தரம்’னு என்னையே ஏலம் போடுவாங்க.”

“உங்கப்பா உன்கிட்டப் பொய் சொன்னான், நெட்டா.”

“ஆமா. நீங்க ஊர் முழுக்க உண்மையைச் சொன்னீங்க. என்னைத் தவிர எல்லார்கிட்டயும்.”

வெர்னா படியிறங்கி என் காரில் ஏறினாள். காரில் வரும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், “அவ சொன்னது சரிதான். ஆனாலும் மறுபடியும் செய்வேன்” என்றாள்.

சில வருஷம் கழிந்து ஒரு வசந்தத்தில், நாற்று நடும் சமயம், டெல்மர் வந்தான். ரெக்கார்டு அதற்குள் மூன்று மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கவுண்டிச் சந்தையிலும், பழைய போர்வீரர் மன்றத்திலும், சாலையோர நடனக் கூடங்களிலும் பாடினாள். எங்கே போனாலும் பெண்கள் கத்துவார்கள், “ஏலம்! ஏலம்!” என்று. நான் அன்று டிராக்டரில் அவளுக்கு உதவிக்கொண்டிருந்தேன். டெல்மர் இளைத்திருந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான்.

“வெர்னா. நான் இந்தியானால ஒரு மாட்டுச் சந்தையில வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஒருத்தன் ஜூக்பாக்ஸ்ல காசைப் போட்டு உன் பாட்டை ஓட விட்டான். போதும். நான் தோத்துட்டேன். அந்த ஒரு பாட்டை மட்டும் விட்டுடு.”

வெர்னா கையிலிருந்த மண்ணை உதறினாள். கேட் வரைக்கும் நடந்துபோனாள். திறக்கவில்லை.

“நீ நேர்ல கேட்டதே இல்லையே டெல்மர். ரேடியோவுல கேட்டிருப்ப, ஜூக்பாக்ஸ்ல கேட்டிருப்ப. நில்லு. தொப்பியைப் போட்டுக்காதே.”

பாட ஆரம்பித்தாள். பக்கவாத்தியம் இல்லை, மைக் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு அவசரமும் இல்லாமல். மூன்றாம் தரத்துக்கு வந்ததும் இறந்த குழந்தையின் பேரைச் சேர்த்துப் பாடினாள். ரெக்கார்டில் அது கிடையாது. டெல்மர் வாய் கோணி அழுதான். பெரிய ஆண்பிள்ளை, சாலையில் நின்று, மூக்கு ஒழுக அழுதான். அவள் பாடி முடித்து அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அழுற. இத்தனை நாளா அழுறியா? யாராவது டாக்டர்கிட்டக் காட்டணும்.”

திரும்பி வந்து நாற்றுப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். “டிராக்டரை எடு ராய்ஸ், வெயில் ஏறுது” என்றாள். அவன் எவ்வளவு நேரம் அங்கே நின்றான் என்று நான் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றி அவளிடம் நயமாகப் பேச்செடுத்தார். “சிஸ்டர் வெர்னா, மனசுல பாரம் வெச்சுக்கிட்டு எப்படித் தூக்கம் வருது உங்களுக்கு?”

“படுத்ததும் வருது பாஸ்டர்” என்றாள். உண்மைதான். அவள் உடம்பு அந்த வருஷங்களில்தான் தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. பழிவாங்கியவர்கள் உள்ளே காய்ந்துபோவார்கள் என்று எங்கள் சர்ச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெர்னாவிடம் அப்படி எதையும் நான் காணவில்லை.

நெட்டா மட்டும்தான் அவளுக்கு உறுத்தல். எங்கள் ஊர்க்காரன் ஒருவனையே கட்டிக்கொண்டு, ஒரு பெண் குழந்தை பெற்றபிறகு, ஒரு கோடையில் புருஷனோடு வந்தாள். முதல் தடவை காரைவிட்டு இறங்கவே இல்லை. அடுத்த வருஷம் இறங்கினாள், சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள். அம்மா என்று கூப்பிடவில்லை. மிஸ் வெர்னா என்றுதான் கூப்பிட்டாள். கிளம்பும்போது, “குழந்தை முன்னால அந்தப் பாட்டைப் பாடாதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

“சரி” என்றாள் வெர்னா. டெல்மர் விஷயத்தில் அவள் விட்டுக்கொடுத்து நான் கேட்ட ஒரே ‘சரி’ அதுதான். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்து, “மத்த ஒன்பது பாட்டையும் பாடலாமா?” என்று கேட்டாள்.

நெட்டா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. “பைக்காரிங்க பாட்டும் வேண்டாம்” என்றாள். “என் மாமியார் அதுல ஒருத்தி.”